மை தடவிய பக்கம்

வார்சாவில், யூதர்களின் மொழியான யிட்டிஷில் வரும் நாளிதழின் அச்சகத்தில் ஆசிரியர் ஸால்மன் வாயில் ரத்தம் ஒழுகத் தரையில் கிடக்கிறார். யூதக் கடைகளை உடைத்தவர்களின் பெயர்கள் நாளைய பக்கத்தில் ஈய எழுத்துகளாகக் கோக்கப்பட்டு, மை தடவித் தயாராக இருக்கின்றன. "எங்க பேரு எதுலடி இருக்கு?" கூட்டாளிகளோடு வந்த ஜிக்முன்ட், எழுத்துக்கோக்கும் துவோஷேயின் முடியைப் பிடித்து உலுக்குகிறான். யிட்டிஷ் எழுத்து அவனுக்குத் தெரியாது. அவள் பக்கத்து மேசையில் கோத்து வைத்திருக்கும் ரொட்டி விளம்பரத்தைக் காட்டுகிறாள். "ஐயையோ, அதை மட்டும் விட்டுடுங்கப்பா," என்கிறார் ஸால்மன். "கெஞ்சுடா கிழவா, நல்லாக் கெஞ்சு." ஜிக்முன்டின் இரும்புத் தடி விளம்பரத்தின் மீது இறங்குகிறது, ஈய எழுத்துகள் சுவரில் தெறிக்கின்றன. அடுத்த அடி அவள் விரல்களில். மூச்சு வாங்க, ஜிக்முன்ட் பெயர்ப் பக்கத்தின் மீதே கையை ஊன்றி நிற்கிறான். "நாளைக்கு என்னத்தப் போடுவ?" வாசலில் திரும்பி, கேலியாக அந்தக் கையை ஆட்டுகிறான். உள்ளங்கையில் கறுப்பாக, ஓர் எழுத்துகூடக் கலையாமல் பதிந்திருக்கும் அவன் பெயரைத் துவோஷே படிக்கிறாள்.