துவைக்காத சட்டை

நாயைத் தத்தெடுத்தவர்களின் கார் வாசலில் நின்றது. மீட்புக் குழுவிலிருந்து வந்த ஷெரின், நாயின் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டியபடி, "ஆன்ட்டி, உங்க வீட்டு வாசம் இருக்கற துணி ஒண்ணு குடுங்க. புது எடத்துல அதை மோந்துக்கிட்டுதான் தூங்கும்" என்றாள்.

எஸ்தர் கொண்டுவந்த துண்டை ஷெரின் முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "டெட்டால்தான் அடிக்குது. துவைக்காதது எதுவும் இல்லையா?"

சொறியோடு, தற்காலிகமாக எஸ்தரின் பராமரிப்புக்கு வந்த நாய் அது. ஆறும்வரை திரைச்சீலை, தலையணை உறை என்று ஒன்று விடாமல் எஸ்தர் வெந்நீரில் அலசிக்கொண்டே இருந்தாள். வீட்டில் துவைக்காமல் மிஞ்சியது, மறைந்த கணவர் செல்லதுரை கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டை மட்டும்தான். பாலிதீன் பையில் கட்டி பீரோவுக்குள் வைத்திருந்தாள். ஆரம்பத்தில் அடிக்கடி அவிழ்த்து முகர்வாள். ஒருநாள் அதில் எதுவுமே வரவில்லை. அதன்பிறகு அவிழ்க்கவில்லை.

இப்போது அவிழ்த்து முகர்ந்தாள். வெறும் துணி.

"இதுலயும் ஒண்ணுமில்லம்மா" என்று ஷெரினிடம் சொல்லிக்கொண்டே நாயிடம் நீட்டினாள்.

நாய் காலருக்குள் மூக்கை நுழைத்து வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு ஷெரினின் பிடியிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. செல்லதுரையின் பிரம்பு நாற்காலிக்கு முன்னால் நின்று, தான் ஒருபோதும் பார்த்திராத மனிதருக்காக, அண்ணாந்து வாலாட்டியது.

வெளியே ஹாரன் அடித்தார்கள். ஷெரின் சட்டைக்காகக் கையை நீட்டினாள்.

எஸ்தர் அவளைப் பார்க்கவில்லை. நாயின் பக்கத்தில் போய் மெல்ல உட்கார்ந்து, அதன் காதில் கேட்டாள்.

"இருக்காரா?"