நாலாவது கணினி

ஓப்பன் சோர்ஸில் கிடைத்த அந்த இரண்டு மென்பொருள்களும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காதவை. அஜிஷாவும் அவள் கணவன் ரெனிஷும் மல்லுக்கட்டி அவற்றை ஒன்றாக இணைத்தார்கள். ஒன்று வேலையைக் கணினிகளுக்குப் பங்குவைக்கும். மற்றது மீன் படங்களைப் பார்த்துப் பெயர்களைக் கற்றுக்கொள்ளும். எல்லாக் கணினிகளும் தம் பங்கை முடித்து அனுப்பினால்தான் அடுத்த சுற்று தொடங்கும்.

மீன்களைப் படமெடுக்கப் போன வள்ளம் தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் கவிழ்ந்தபோது ரெனிஷோடு அவன் லேப்டாப்பும் போயிற்று. ரெனிஷின் உடல் கரைக்கு வந்தது. லேப்டாப் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்தபின், வீட்டில் மிச்சமிருந்த மூன்று கணினிகளையும் அஜிஷா ஓடவிட்டாள். வேலை நாலாகப் பிரிந்தது. நாலு பங்கும் திரும்பி வந்தன. நாலாவது, ரெனிஷின் லேப்டாப் பெயரில் வந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ஓடவிட்டாள். அந்த ஒரு பங்கு மட்டும் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தது, தூரம் கூடிக்கொண்டே போவதுபோல.

எல்லாவற்றுக்கும் காத்திருந்தாலும், ஒரு கெடுவுக்குமேல் வராத கணினியை மட்டும் விட்டுவிட்டு மேலே போகச் சொல்லி நிரலில் ஒரு வரி இருந்தது. ரெனிஷ் எழுதியதுதான். அஜிஷா அதை அழித்தாள்.

மாமியார் செசிலி அறை வாசலில் வந்து நின்றார்.

“இன்னும் தீரல்லியா மக்களே? வந்து கஞ்சி குடி.”

“ஒரு ஆளு வரணும் மாமி.”

செசிலி யாரென்று கேட்கவில்லை. போய், சாத்தியிருந்த வாசல்கதவின் கொண்டியை எடுத்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.