கற்பூரச் சத்தியம்

மூன்றாவது வெட்டில் கொல்லைக்கதவு பிளந்தது. பிளவு வழியே கோடாலி முனை உள்ளே வந்து போனது.

துரைக்கண்ணு கட்டிலிலிருந்து பதறி எழுந்தான். ஆவி பிடிக்கலாமென்று அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுச் சற்றே சாய்ந்தவன், அப்படியே கண்ணசந்து போயிருந்தான். தலை கிறுகிறுத்தது. கொரோனா கண்டு பிழைத்த உடம்பு; நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும்.

"யாரு? யார்றா அது?"

பதில் வரவில்லை. அடுத்த வெட்டுதான் விழுந்தது. பதில் வராததிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தம்பி குமரேசன்!

ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. அப்பா தாண்டவராயன் கொரோனாவில் போய்ச் சேர்ந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. திண்டிவனத்தில் ஊசி முகாம் போட்டபோது, "வாட்ஸப்புல பாரு, ஊசி போட்ட மறுநாளே ஆளு காலியாம்" என்று கிழவரைப் போகவிடாமல் மறித்தவன் குமரேசன்தான். கருமாதியன்று, பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான் துரைக்கண்ணு.

"அப்பனக் கொன்னவன்டா நீ!"

குமரேசன் திருப்பி அடிக்கவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "இனிமே உன்னாண்ட ஒரு வார்த்த பேசுனேன்னா என் நாக்கு அழுவிப் போவட்டும்!"

அன்றைக்கு மூடிய வாய்தான். அப்புறம் நேருக்கு நேர் வந்தாலும் தொண்டையைக்கூடச் செருமுவதில்லை.

ஊர் ஊராய் ஊசியின் பெருமை பேசிய துரைக்கண்ணுவையே, இரண்டு ஊசி போட்ட பிறகும் தொற்று பிடித்துக்கொண்டது. தெரு சிரித்தது. "ஊசி போட்டதாலதான் இதோட போச்சு, இல்லன்னா ஆளயே தூக்கியிருக்கும்" என்றார் டாக்டர். காய்ச்சல் விட்டது, இருமல் அடங்கியது. மூக்கும் நாக்கும்தான் இன்னும் செத்துக் கிடந்தன. கருவாட்டுக் குழம்பும் ஒன்றுதான், கஞ்சித் தண்ணீரும் ஒன்றுதான்.

மனைவி கலையரசி லீவு முடிந்து இன்றைக்குத்தான் விழுப்புரத்து ஜவுளிக்கடை வேலைக்கு பஸ் ஏறினாள். "ஈரக் காத்து ஆவாது, ஜன்னல கிண்ணல தொறந்து வெச்சிக்கினு ஒக்காராத" என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

அவள் போகட்டும் என்றுதான் காத்திருந்தானா பாவி?

கரண்ட் இல்லை. மேகமூட்டத்தில் பட்டப்பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. வெட்ட வருகிறவன் முகத்தைப் பார்த்துவிட்டாவது சாவோம் என்று, தலைமாட்டில் துழாவித் தீப்பெட்டியை எடுத்தான் துரைக்கண்ணு. ஒரு குச்சியை உருவினான்.

கதவு பெயர்ந்து விழுந்தது. ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்த குமரேசன், கோடாலியைத் திருப்பி அதன் காம்பால் அண்ணனின் மணிக்கட்டில் ஒரு போடு போட்டான். குச்சி எங்கோ தெறித்தது.

"ஐயோ! வேணான்டா குமரேசா! எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்டா!"

குமரேசன் பேசவில்லை. அண்ணனின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். அடுப்பங்கரையில் பொங்கி வழிந்திருந்த தண்ணீரில் துரைக்கண்ணுவின் கால் வழுக்கியது. விழுந்தவனைத் தூக்கவும் இல்லை; சட்டைக் காலரைப் பிடித்து அப்படியே கொல்லைக்கு இழுத்துவந்து முருங்கை மரத்தடியில் தள்ளினான். உதடு கிழிந்து ரத்தம் வடிந்தது.

திரும்பிய குமரேசன் கோடாலியோடு சுவரோரமாக ஓடினான். சமையற்கட்டு ஜன்னல் கண்ணாடி சிதறியது. அடுத்து படுக்கையறை ஜன்னல். பேய் பிடித்தவன்போல் ஒன்று விடாமல் உடைத்தான்.

பின்வீட்டு ராயப்பன் வேலியைத் தாண்டி ஓடிவந்தார். "யோவ், நோவுக்காரனப் போட்டு அடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று கத்திக்கொண்டே வந்தவர், வீட்டருகே வந்ததும் சட்டென்று நின்றார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். அவர் பின்னால் வந்த பெண்களும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

துரைக்கண்ணுவுக்கு நெஞ்சு கொதித்தது. சாகக் கிடக்கிறவனைத் தூக்க ஒருத்தர் வரவில்லை; இப்போதும் கொரோனா வீடு என்று மூக்கைப் பொத்துகிறார்களே! கூடப் பிறந்தவனோ பாடுபட்டுக் கட்டிய வீட்டை நொறுக்கிக்கொண்டிருக்கிறான். இனி எதற்கு இந்த வீடு?

இடது கையில் தீப்பெட்டி இன்னும் இருந்தது. தவழ்ந்து தவழ்ந்து பெயர்ந்து கிடந்த கதவருகே போனான்.

"எம் வூட்ட நீ இன்னாடா ஒடைக்கிறது? நானே கொளுத்திட்டுப் போறேன்டா!"

குச்சியை உரசினான். முறிந்தது. இன்னொன்றை எடுத்தான்.

கோடாலியை வீசி எறிந்துவிட்டுப் பாய்ந்தான் குமரேசன். அண்ணன் மேலேயே விழுந்து, இருவரும் மண்ணில் உருண்டார்கள். தீப்பெட்டியைப் பிடித்த கையை முறித்துவிடுவதுபோல் திருகினான். துரைக்கண்ணு அவன் தோளைக் கடித்தான், ரத்தம் வந்தது. அப்படியும் தம்பி பிடியை விடவில்லை. கற்பூரம் அடித்து மூடிய வாய் கடைசியில் திறந்தது.

"கிழிக்காதண்ணா... வூடு முழுக்க கேஸு!"