மூன்று மணிச் சத்தம்

"மிஷினை எங்கே ஒளிச்சு வச்சிருக்கே? முதல்ல அதைச் சொல்லு."

ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரி மகாதேவன் மேஜையைத் தட்டிய வேகத்தில் டீ கிளாஸ்கள் குதித்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, மும்பை மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தில், மொத்த சொசைட்டியும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூடியிருந்தது. எதிரே தனியாகப் போட்ட நாற்காலியில் ஷ்ருதி. கூண்டு ஒன்றுதான் பாக்கி.

தரைத்தளத்து ஃப்ளாட்டில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவள் அவள். சினிமாப் பாட்டெல்லாம் கிடையாது. போன வருஷம் தாராவித் தோல் பட்டறைகளின் தையல் மிஷின் சத்தத்தை வைத்து ஒரு ஆல்பம் போட்டாள். அப்புறம் இந்தக் கட்டடத்து லிஃப்டின் முனகலை வைத்து இன்னொன்று. லிஃப்டைப் பாராட்டி ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்ததாம். ரிப்பேர் பண்ணத்தான் யாரும் வரவில்லை.

"மிஷின் எதுவும் இல்லை மாமா. அது அடுத்த ஆல்பத்துக்கு ரெக்கார்ட் பண்ற மனுஷக் குரல்."

"குரலா? தினம் மத்தியானம் மூணு மணியானா, மாவு மிஷின்ல கல்லு மாட்டிண்டாப்பல ஒரு சத்தம். அது குரலா?"

மிஷின் என்றால் கதை முடிந்தது. வீட்டில் மிஷின் ஓட்டுகிறவர்கள் மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும் என்பது சொசைட்டி விதி. குரல் என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பாட்டுப் பயிற்சி நடக்காத வீடு மாட்டுங்காவில் ஏது?

மகாதேவன் பக்கத்தில் இருந்த மனைவியைக் காட்டினார். ராஜலக்ஷ்மி மாமிக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கூட்டத் தீர்மானங்களை எழுதும் வேலை அவளுடையது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசமா இவளுக்குத் தொண்டை கட்டிண்டு கிடக்கு. மத்தியானம் பஜனை கிளாஸுக்குப் போறவ, பேசக்கூட முடியாம திரும்பி வரா. எல்லாம் நீ சத்தத்தை அடக்கறதுக்குன்னு சுவரெல்லாம் ஒட்டி வச்சிருக்கியே, அந்தப் பஞ்சோட தூசி!"

மாமி நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு மடக்கு குடித்தாள்.

கட்டடத்தின் முகப்பில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜெயகணேஷ் எழுந்தார். "ஏம்மா, குரல்னா அந்த ஆளைக் கூட்டிட்டு வந்திரு. ரெண்டு நிமிசம் கத்திக் காட்டட்டும். நாங்க பேசாம எந்திச்சுப் போயிருதோம்."

நியாயமான பேச்சு. அதுதான் சிக்கல்.

ஸ்டுடியோவில் அவளுடைய கூட்டாளி ஆதர்ஷ் பின்னாலிருந்து குனிந்தான். "அரே, பேரைச் சொல்லிடு ஷ்ருதி. ரெண்டு வருஷ வேலை போயிடும்."

"மாட்டேன். பேர் வெளில வரக்கூடாதுங்கறதுதான் அவா போட்ட ஒரே கண்டிஷன். வாக்கு குடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டாள். எக்ஸ்பெரிமெண்டல் மியூசிக் என்று சொன்னதுமே கதவைச் சாத்துகிற ஊரில், இந்த இடம் போனால் இன்னொன்று கிடைக்காது. அது ஆதர்ஷை விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆளைக் காட்ட முடியாது மாமா. குரலை வேணா போட்டுக் காட்டறேன். நீங்களே சொல்லுங்கோ."

லேப்டாப்பைத் திறந்தாள். பதட்டத்தில், ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்திருந்த டேக்குகளில் கைக்கு முதலில் அகப்பட்டதைத் தட்டினாள்.

அடிவயிற்றிலிருந்து கிளம்புவது போல ஒரு உறுமல். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, இரும்பை இரும்பால் தேய்க்கிற சத்தமாகி, அதற்கும் மேலே போனது. வாட்ச்மேனின் நாய் எழுந்து தெருவுக்கே போய்விட்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பாதியில் சத்தம் ஒரு தரம் சிக்கி, அறுந்து, ஒரு விநாடி கழித்து மறுபடி தொடங்கியது.

மகாதேவன் துள்ளி எழுந்தார்.

"கேட்டேளா? பாதில நின்னு போய் மறுபடி ஸ்டார்ட் ஆறது! மோட்டார் சிக்கினா இப்படித்தான் ஆகும். ரயில்வே வொர்க்ஷாப் ஆபீஸ்ல முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா? மிஷின்னு நினைக்கறவா எல்லாரும் கையைத் தூக்குங்கோ!"

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஜெயகணேஷ் கொஞ்சம் தயங்கினார். ஷ்ருதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரும் தூக்கினார். ஆதர்ஷ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஷ்ருதி வாயைத் திறந்தாள். பேர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து மூடிக்கொண்டாள். 

"ராஜம், எழுதிக்கோ. மிஷின் இருக்கறது ருசுவாயிடுத்து. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்."

மாமியின் பேனா காகிதத்தின் மேல் நின்றது. ஒரு எழுத்தும் விழவில்லை.

"எழுதேன்! என்ன யோசனை?"

மாமி பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். பிளாஸ்கில் மிச்சமிருந்த வெந்நீரைக் குடித்தாள். கணவர் பக்கம் திரும்பாமல், நேராக ஷ்ருதியைப் பார்த்துக் கரகரத்த குரலில் சொன்னாள்:

"பாதில நின்ன அந்த இடத்துல எனக்கு மூச்சு முட்டிடுத்து. எட்டாவது டேக்கைப் போடும்மா."