நட்சத்திர மீனின் முதுகில்

அடுத்த வீட்டு விவகாரம் எனக்கெதற்கு? துணி காயப் போடத்தான் சுவரோரம் போனேன். நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெனோபா, வலையில் வந்த நட்சத்திர மீனைக் கடல்தண்ணீர்ச் சட்டியில் போட்டு, அதன் முதுகில் ஒட்டியிருந்த அரிசிபோன்ற வெள்ளை நத்தைகளை ஊக்கால் நெம்பிக்கொண்டிருந்தாள். பெரிய பெண் நத்தை ஒன்று, பொடி ஆண் நத்தை இரண்டு. குடும்பமே மூக்கை உள்ளே இறக்கி, மீனை உறிஞ்சியே வாழுமாம்.

"மீனு சாவாதாட்டீ?"

"சாக விடாதுக்கா. செத்தா அதுகளுக்கு ஏது சோறு?"

வீட்டுக்குள் மாமியார், கொழுந்தன்மார் இருவர், கட்டியவன். நால்வரும் இவள் உழைப்பில்தான் சாப்பிடுகிறார்கள். ஊரறிந்த சேதி, நான் ஒன்றும் பரப்பவில்லை. அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த அண்ணன் அவள் பையோடு வாசலில் நின்றான்.

"ஏளா, பஸ்ஸு போயிரும், வா. இன்னைக்கு விட்டா நான் இனி வரமாட்டேன்."

உள்ளேயிருந்து ஒரு சத்தமுமில்லை. அந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதேயில்லை.

ஒரு நத்தை கழன்று வந்தது. அது இருந்த இடத்தில் ஊசிமுனை ஓட்டை. மீன் அசையவில்லை. ஜெனோபா நத்தையை விரல்நுனியில் ஏந்தி என்னைப் பார்த்தாள்.

"இத எங்கக்கா விட? தனியா கெடந்தா செத்துருமே."