பதின்மூன்று நிமிடம்

மாலை மணி நாலு பன்னிரண்டு.

வேலை முடிய இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும் என்று திரை காட்டியது.

அப்படியென்றால் ஐந்து ஐம்பத்திரண்டு. ஆறு மணிக்குத் தீயணைப்பு வீரர்கள் ஓடையை விட்டுக் கரையேறிவிடுவார்கள். இருட்டில் தேட முடியாது என்று வெள்ளம் வந்த மதியமே சொல்லிவிட்டார்கள்.

பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்களில் மாரிச்செல்வம் ஒருவனைத்தான் காணவில்லை. இடுப்பில் சிவப்புத் துண்டு மட்டும்.

சாரல் சற்று விட்ட நேரத்தில், கல்யாணங்களுக்கு எடுத்துப்போகும் ட்ரோனை மசூது ஓடைக்கு மேல் பறக்கவிட்டான். இருபத்திரண்டு நிமிட வீடியோ. முழுக்க வெள்ளைப் புகையாக மேகம். அந்த வெள்ளையை நீக்கிப் பாறைகளைத் தெளிவாக்கும் வேலைதான் தென்காசியில், அவனுடைய ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் மாரிச்செல்வத்தின் மனைவி பேச்சித்தாய். கரையில் அவளை நிற்கவிடவில்லை. அவனை அடையாளம் காண அவள் இருந்தால் நல்லது என்று அவனுடைய அண்ணன் குமரகுரு இங்கே அனுப்பியிருந்தான். மடியில் ஒரு துணிக்கடைப் பை. வந்ததிலிருந்து அதை அவள் கீழே வைக்கவில்லை.

கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கூட்டினால் பதின்மூன்று நிமிடம் மிச்சமாகும்.

எப்படிக் கூட்டுவது என்று மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மாரிச்செல்வத்தின் கையெழுத்து.

"பதினைஞ்சு ஏத்து. அரை மணி டெஸ்ட் ஓட்டு. புள்ளி விழலைன்னா அடுத்த பதினைஞ்சு. அவசரப்படாதலே மசூது."

இந்த ஸ்டுடியோவில் எடிட்டிங் மாரிச்செல்வத்தின் வேலை. டெஸ்ட் ஓடும் அரை மணி நேரமும் டீக்குக்கூட எழுந்து போகமாட்டான். திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை மசூது பொறுக்காமல் வேகத்தை மொத்தமாக ஏற்றிவிட்டான். கார்டு தப்பாகக் கணக்குப் போட்டு, வீடியோவில் மணப்பெண்ணின் நெற்றியில் இல்லாத பச்சைப் புள்ளிகள் விழுந்தன.

"பொண்ணுக்கு ஓசியில பச்சை குத்திவிட்டுட்டியேலே" என்று மாரிச்செல்வம் ஒரு வாரம் சிரித்தான்.

ஒரு டெஸ்ட்டுக்கு அரை மணி. மிச்சமாவது பதின்மூன்று நிமிடம்.

மசூது மொத்தமாக ஏற்றினான். கார்டின் மெமரியையும் சேர்த்து.

பிறகு ஜன்னலைத் திறந்துவைத்தான். சாரல் காற்று நேராகக் கார்டின் மேல் அடித்தது. சூடு அறுபத்தாறு டிகிரியைத் தாண்டவில்லை. அதையே டெஸ்ட்டாக எடுத்துக்கொண்டான்.

வெள்ளைக்குள்ளிருந்து பாறை வந்தது. வேரோடு சாய்ந்த மரம் வந்தது. யாருடையதோ ஒற்றைச் செருப்பு வந்தது.

ஐந்து பத்துக்கு, அக்கரையில், ஒரு பாறை இடுக்கில் சிவப்பு.

ஒரே ஒரு ஃப்ரேம். அடுத்ததில் மேகம் மூடிவிட்டது.

"அவிய துண்டுண்ணே!" பேச்சித்தாய் எழுந்துவிட்டாள். பை கீழே விழுந்தது. "உக்காந்திருக்காவண்ணே. பாறையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ!"

மசூதுக்கும் அப்படித்தான் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அந்தச் சிவப்புக்கு மேலே ஒரு தோளும் இருந்தது.

படத்தைக் குமரகுருவுக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது.

"ஆளுவ இக்கரையில கீழ தேடிட்டு நிக்காங்க. எல்லாரையும் மேல வரச் சொல்லி அக்கரைக்குக் கயிறு கட்டச் சொல்லுதேன்."

பேச்சித்தாய் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதல்முறையாகத் தண்ணீர் கேட்டாள்.

ஐந்து முப்பத்தொன்றுக்குத் திரையில் வெறும் வானம் வந்தது. அதில் பச்சைப் புள்ளிகள். வரிசையாக.

மசூது மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

பிறகு வேலையை நிறுத்தினான். வேகத்தைப் பழைய இடத்துக்கே இறக்கினான். சிவப்பு தெரிந்த அந்த ஒரு ஃப்ரேமை மட்டும் திரும்ப ஓட்டினான்.

பாறை இடுக்கு. ஈர இலைகள்.

இன்னொரு முறை ஓட்டினான்.

இலைகள்.

போன் அதிர்ந்தது. குமரகுருவின் குரலுக்குப் பின்னால் தண்ணீர் இரைந்தது.

"தீயணைப்பு ஆளுவ நாலு பேரும் அக்கரை ஏறியாச்சு மசூது. கீழ இப்ப ஒருத்தரும் இல்ல. அந்தப் பாறை எங்கன இருக்குன்னு சரியாச் சொல்லு."

மணி ஐந்து முப்பத்தொன்பது.

பேச்சித்தாய் திரையைப் பார்க்கவில்லை. கீழே விழுந்த பையை எடுத்து, உள்ளேயிருந்த சட்டையையும் கைலியையும் உதறி, மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்தக் கூதல்ல வெறும் துண்டோடல்லா இருக்காவ. மாத்துத் துணி எங்கிட்ட இருக்கு. யார்ட்ட குடுத்து விடுதது?"