சிங்க் விளிம்பில்

ஹேர்பின்கள் இரண்டையும் கழற்றி சிங்க் விளிம்பில் வைத்துவிட்டு முகம் கழுவுவது மகளின் வழக்கம். எடுக்க மறந்துவிடுவாள். ஈரத்தில் எவர்சில்வர் மேல் துருக்கறை படிந்துவிடும். “எத்தன தடவ சொல்றது உனக்கு?” என்று அம்மா கத்துவாள்.

பிரசவத்தில் மகளும் பெண் குழந்தையும் போய் நான்கு வருடமாகிறது. இப்போதும் தினமும் காலையில் அந்த இரண்டு கறைகள் இருக்கும். அம்மா சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, மெல்லத் தேய்த்து எடுப்பாள். மறுநாள் திரும்ப வந்துவிடும்.

இன்று அப்பா சிங்க்கை மறைத்துக்கொண்டு நின்றார்.

“தள்ளுங்க.”

“நான் தேய்ச்சுடறேன். நீ போ.”

அவர் கையை விலக்கினாள். இரண்டு கறைகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று, பாதி நீளத்தில்.

“குழந்தைக்கு முடி வளந்துடுச்சு போல,” என்றாள் அம்மா.

பிறகு சோடாவைக் குழைக்க ஆரம்பித்தாள்.